லண்டனிலிருந்து வந்த டீச்சர்

வேலைக்குச் சேர்வதற்கு முதல் நாள், பள்ளியின் இயக்குநர் அம்மா என்னிடம் இரண்டு விஷயங்கள் கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் கேட்டால் நான் லண்டன்காரி என்று சொல்ல வேண்டும். எனக்கு இத்தாலியன் ஒரு வார்த்தைகூடத் தெரியாதது போல நடந்துகொள்ள வேண்டும்.

இரண்டையும் அவர் மிக மரியாதையாகவே கேட்டார். எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்தார். இத்தாலிய நகரம் ஒன்றில், வியா மக்வேதா என்ற பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த சிறிய தனியார் பள்ளி அது. எங்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவர் மாத்ரெலிங்குவா, அதாவது அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்திருந்தார்கள். அதை நம்பித்தான் பெற்றோர்கள் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அப்படி வந்த டீச்சர் ஒருத்தி செப்டம்பரில் சேர்ந்து, இரண்டே வாரத்தில் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாள். இயக்குநர் அம்மாவுக்கு அவசரம். "நீ லண்டனில் படித்தவள்தானே, லண்டனிலிருந்து வந்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லையே" என்றார். ஓராண்டு அங்கே படித்தது உண்மைதான். திருச்சியில் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, இருபத்தாறு வயது வரை திருச்சியில் இருந்ததும் உண்மை.

எனக்கும் அவசரம் இருந்தது. என் கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். அவருடைய ஒப்பந்தம் ஜனவரியில் முடிவதாக இருந்தது. நீட்டிப்பார்களா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்கிற போலீஸ் அலுவலகத்தின் ஜன்னலில் காட்டுவதற்கு எங்களில் ஒருவரிடமாவது வேலைக் காகிதம் இருந்தாக வேண்டும். அதனால் சரி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கல்லூரித் தோழிக்குப் போன் செய்தேன். அவள் நான்கு வருடங்களாக ஜப்பானில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள். அங்கேயும் அதே கதைதான், ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்தும் வகுப்பில் பொம்மை மாதிரி நிற்பேன், அப்போதுதான் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும் என்றாள். ஊரை மாற்றிச் சொல்லச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு வேண்டிய அளவு சமாதானம் கிடைத்துவிட்டது. அதோடு போனை வைத்தேன்.

முதல் வகுப்பில் பதினேழு பிள்ளைகள். எல்லோருக்கும் பதினொரு வயது. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக எங்கள் நிறத்தில் ஒரு சிறுமி இருந்தாள். இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை, காதில் சின்னத் தோடு. பார்த்ததுமே தமிழ்ப் பிள்ளையாக இருக்கலாம் என்று நினைத்தேன். இந்த ஊரில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர். பலர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் இந்தப் பள்ளியில் ஒரு தமிழ்ப் பிள்ளையை நான் எதிர்பார்க்கவில்லை.

இயக்குநர் அம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆங்கிலத்தில் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். சுவரில் இருந்த வரைபடத்தில் லண்டனைத் தொட்டுக் காட்டினேன். பிள்ளைகள் ஆர்வமாகப் பார்த்தார்கள். பிறகு படம் போட்ட தாள்களை ஒவ்வொரு வரிசைக்கும் எண்ணிக் கொடுத்தேன். எண்ணும்போது மனிதர்கள் என்ன மொழியில் எண்ணுகிறோம் என்று யோசிப்பதில்லை. நான் வாய்க்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணியிருக்கிறேன்.

மூன்றாவது வரிசைக்கு வந்தபோது அந்தச் சிறுமி தலையைத் தூக்கினாள். அவள் முகம் முழுக்க மலர்ந்திருந்தது.

"ரீச்சர், நீங்கள் தமிழோ?" என்றாள்.

கதவருகே இயக்குநர் அம்மா. கையில் தாள்கள். எனக்கு யோசிக்க ஒரு நொடி இருந்தது. அந்த ஒரு நொடியில் நான் யோசிக்கவும் செய்தேன். அதுதான் என்னால் இன்னமும் ஜீரணிக்க முடியாதது. பயத்தில் வாய் தவறி வந்த பதில் இல்லை அது. புரியவில்லை, ஆங்கிலத்தில் சொல்லு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, புன்னகையும் செய்தேன்.

வகுப்பு சிரித்தது. சிறுமி பக்கத்தில் இருந்தவளிடம் இத்தாலியனில் சொன்னாள், டீச்சர் எங்கள் மொழியில் எண்ணினார், நான் கேட்டேன் என்று. பக்கத்திலிருந்தவள் நீலக் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். அவள் திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "புஜார்தா" என்றாள். பொய்க்காரி. மறுபடி சிரிப்பு. எனக்கு இத்தாலியன் தெரியாது அல்லவா? நான் அடுத்த வரிசைக்குத் தாள்களைக் கொடுத்தேன். இந்தத் தடவை எண்ணவில்லை.

மாலையில் இயக்குநர் அம்மா என்னைப் பாராட்டினார். நன்றாகச் சமாளித்தாய் என்றார்.

அந்தச் சிறுமியைப் பற்றி அவரே சொன்னார். அவளுடைய அம்மா ஒரு சினோராவின், அதாவது வசதியான ஓர் எஜமானியம்மாவின் வீட்டில் பல வருடங்களாக வேலை செய்கிறாள். நீலக் கண்ணாடிக்காரி அந்தச் சினோராவின் பேத்தி. சினோரா சொல்லித்தான் சிறுமிக்கு இங்கே இடம் கிடைத்தது. நல்ல பிள்ளை, அமைதியான பிள்ளை என்றார்.

உண்மையில் அவள் அமைதியான பிள்ளையாக ஆனது அதற்குப் பிறகுதான். முதல் வாரத்தில் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பாள். பிறகு தூக்குவதை நிறுத்திவிட்டாள். ஜோடி சேர்ந்து பேசச் சொன்னால், அவளோடு சேர ஆள் இருக்காது. நீலக் கண்ணாடிக்காரி ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தாள். அர்த்தமில்லாத ஏதோ சத்தங்களை எழுப்பிவிட்டு, இதையும் டீச்சர் உன் மொழியில் சொன்னாரா என்று கேட்பாள். மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். என் முன்னாலேயே நடக்கும். எனக்குத்தான் புரியாதே. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. கண்டிக்க வேண்டுமென்றால் எதற்காகக் கண்டிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எனக்கு இத்தாலியன் புரிகிறது என்று தெரிந்துவிடும். சத்தம் போடாதீர்கள் என்று பொதுவாக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்புவேன்.

பரிகாரம் மாதிரி சில காரியங்கள் செய்தேன். அவள் தாளில் ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டிய இடத்தில் இரண்டு ஒட்டினேன். அடுத்த நாள் வகுப்பு முடிந்து மேசைகளைப் பார்த்தபோது, அவள் இடத்தில் ஒரு நட்சத்திரம் உரித்து ஒட்டப்பட்டிருந்தது. தனக்குச் சேர வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கணவரிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜனவரி வரைக்கும் பொறுத்துக்கொள், அதற்கப்புறம் எப்படியாவது சரி செய்துகொள்ளலாம் என்றார். நானும் அப்படியே தள்ளிப்போட்டேன். பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஜனவரி எவ்வளவு தூரம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

டிசம்பரில் பெற்றோர் வந்து ஆசிரியர்களைப் பார்க்கும் நாள். வரிசையின் கடைசியில் அந்தச் சிறுமி அவள் அம்மாவோடு நின்றாள். அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். கையில் ரப்பர் கையுறை துருத்திக்கொண்டிருந்த ஒரு பை. முறை வந்தபோது அவர் உட்காரவில்லை. இயக்குநர் அம்மாவைக் கூப்பிட்டு, திக்கித் திக்கி, ஆனால் தெளிவாக, இத்தாலியனில் சொன்னார். மகள் டீச்சரைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறாள் என்று சினோராவின் பேத்தி வீட்டில் சொல்லியிருக்கிறாள். சினோரா தன்னைக் கூப்பிட்டுச் சொன்னார். தனக்கு மிகவும் வெட்கமாகப் போய்விட்டது. மகளை மன்னிப்புக் கேட்க வைக்கத்தான் வந்திருப்பதாகச் சொன்னார்.

நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எதுவும் புரியாதவள் போல உட்கார்ந்திருந்தேன். இயக்குநர் அம்மா அதை ஆங்கிலத்தில் எனக்கு மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்து முடிக்கும் வரை நான் காத்திருந்து, பிறகுதான் முகத்தில் வருத்தத்தைக் காட்டினேன். மொழிபெயர்க்கும்போது அவர் ஒரு தடவைகூட என் கண்ணைப் பார்க்கவில்லை. அவரும் சங்கடப்பட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு பேருமே அந்த நாடகத்தை நிறுத்தவில்லை.

அம்மா மகள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "குனிஞ்சு கொண்டு சொல்லாதை. ரீச்சரைப் பார்த்துச் சொல்லு."

சிறுமி என்னைப் பார்த்தாள். வீட்டில் பழகிக்கொண்டு வந்த ஆங்கிலத்தில், மன்னியுங்கள் டீச்சர், நான் பொய் சொன்னேன் என்றாள். ஒரு பிழை இல்லை. நான் கற்றுக்கொடுத்த இறந்த காலம் சரியாக வந்திருந்தது.

பரவாயில்லை என்று சொன்னேன்.

அம்மாவின் முகம் இளகியது. மகளின் தோளைத் தொட்டு, "பார், எவ்வளவு நல்ல மனுசி. கோவப்படேல்லை" என்றார், எனக்குப் புரியாது என்ற நம்பிக்கையில். சிறுமி என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எனக்கு அது புரிந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினேன்.

அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். தெருவெங்கும் கிறிஸ்துமஸ் விளக்குகள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள், விடுமுறை முடிந்து சொல்லலாம் என்று நினைத்தேன்.

நானாகச் சொல்லியிருப்பேனா? எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. ஏனென்றால் அகப்பட்டுக்கொண்ட பிறகுதான் சொன்னேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் மீன் வாங்கப் போயிருந்தேன். அங்கே சின்னச் சந்தை ஒன்று உண்டு. மத்தி மலிந்து கிடந்தது. திருச்சியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டு, குழம்புக்கு எவ்வளவு புளி கரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தை இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. நான் குரலை உயர்த்தி, "புளி அக்கா, புளி, எலுமிச்சங்கா அளவு போதுமா?" என்று கத்தினேன். திரும்பினால், இரண்டடி தள்ளி அந்த அம்மாவும் மகளும்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. எங்கோ பார்த்த முகம், எங்கே என்று தேடுகிற பார்வை. பிறகு அது நின்றது. சிறுமி என்னைப் பார்க்கவில்லை. அவள் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கையில் எடுத்திருந்த மீன் பொட்டலத்தைக்கூடத் திரும்ப வைத்துவிட்டார். நான் போனை அணைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் தமிழ் அது.

நின்றார். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். வேலை, இயக்குநர் அம்மா, பெர்மெஸ்ஸோ, ஜனவரி. சொல்லச் சொல்ல எல்லாமே சின்னதாகிக்கொண்டு வந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மகளைப் பக்கத்துப் பழக்கடைக்கு அனுப்பி, ஆரஞ்சுப்பழம் பார்த்து எடுக்கச் சொன்னார். அவள் போன பிறகுதான் பேசினார்.

"நானும் சினோரா வீட்டில சில நேரம் இத்தாலியன் விளங்காத மாதிரி நிக்கிறனான். அவை குடும்பச் சண்டை கதைச்சால் எனக்கு என்னத்துக்கு? ஆனா அதால ஒரு குழந்தைக்கு அடி விழேல்லை."

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"நான் அவளுக்கு அடிச்சனான், ரீச்சர். பொய் சொன்னனி எண்டு. அவள் தமிழ்தான் அம்மா, தமிழ்தான் அம்மா எண்டு அழுதவள். நான் கேக்கேல்லை. பிறகும் அடிச்சனான்."

என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவருக்கு என்மேல் இருந்த கோபத்தைவிடத் தன்மேல் இருந்தது பெரிதாக இருந்தது. அதையும் நான்தான் கொடுத்திருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். "என்னட்டை ஏன் கேக்கிறியள்?" என்றுவிட்டு, பழக்கடைப் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் வருகைப் பதிவை எடுத்ததும் புத்தகத்தை மூடினேன். இத்தாலியனில் பேசத் தொடங்கினேன். முதல் வாக்கியத்திலேயே வகுப்பு உறைந்துவிட்டது. நான் இந்தியாவிலிருந்து வந்தவள், என் தாய்மொழி தமிழ், முதல் நாள் நான் எண்ணியது தமிழில்தான், இவள் சொன்னது முழுக்க உண்மை, பொய் சொன்னது நான் என்றேன். மூன்று மாதங்களாக என் முன்னால் என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொருவரும் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. நீலக் கண்ணாடிக்காரியின் காது மடல்வரை சிவந்துபோனது. பின் வரிசையில் ஒருவன் கையைத் தூக்கி, அப்படியென்றால் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டான். வேலைக்காக என்றேன். அவனுக்கு அது பதிலாகப் படவில்லை. வேறு ஏதாவது சொல்வேன் என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சிறுமியைப் பார்த்து, எல்லோர் முன்னாலும் தமிழில், "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

மணி அடித்து எல்லோரும் போன பின், பையை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். இப்போது நினைத்தாலும் அவள் அழுதிருக்கலாம் என்று தோன்றுகிறது. அழவில்லை.

"நீங்கள் சொன்னது எனக்குப் பரவாயில்லை ரீச்சர். உங்களை எனக்குத் தெரியாதுதானே. அம்மாவுக்கு என்னைத் தெரியும். அவவும் நம்பேல்லை."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

இயக்குநர் அம்மா கோபப்பட்டார், ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. முதலில் என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார். அது நியாயம். பெற்றோர்கள் வந்து கத்துவார்கள் என்று ஒரு வாரம் இரண்டு பேரும் காத்திருந்தோம். மூன்று பேர்தான் வந்தார்கள். அதிலும் ஒருவர், என் மகனுக்கு இப்போதுதான் ஆங்கிலம் வருகிறது, டீச்சர் எந்த ஊராக இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டுப் போனார். துண்டுப்பிரசுரத்தில் மாத்ரெலிங்குவா என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். ஜூன் வரை என்னை வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என் கணவரின் ஒப்பந்தத்தை ஜனவரி கடைசியில் மேலும் இரண்டு வருடங்களுக்கு நீட்டித்தார்கள். குவெஸ்தூராவில் அவருடைய காகிதத்தை மட்டும்தான் வாங்கினார்கள். என் காகிதத்தை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பார்க்காமலே திருப்பித் தள்ளினார். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது நான் வேறொரு இடத்தில், பெரியவர்களுக்குக் கற்பிக்கிறேன். முதல் நாளே எந்த ஊர் என்று சொல்லிவிடுகிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இங்கே யாரும் என்னை மாற்றிச் சொல்லச் சொல்லவில்லை.

மீதி இருந்த ஐந்து மாதங்களில் அந்தச் சிறுமி வகுப்பில் மறுபடி கையைத் தூக்கத் தொடங்கினாள். பிள்ளைகள் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். நீலக் கண்ணாடிக்காரி அவளுக்கு ஒரு பென்சில் பெட்டி கொண்டுவந்து கொடுத்தாள். என்னிடம் அந்தச் சிறுமி மரியாதையாகவே நடந்துகொண்டாள். தமிழில் மட்டும் அதற்குப் பிறகு பேசவே இல்லை. நான் ஒன்றிரண்டு தடவை முயன்று பார்த்தேன். ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், அழகான ஆங்கிலம்.

அடுத்த வருடம் அவளை அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவளாகத்தான் கேட்டாளாம். அதைச் சொன்னது அவள் அம்மாதான். போர்கோ வெக்கியோவில் எப்போதாவது பார்ப்போம். அவர் என்னைக் கண்டு ஒதுங்குவதில்லை. மீன் எப்படி, விலை எப்படி என்று நின்று இரண்டு வார்த்தை கதைப்பார். போன மாதம் பார்த்தபோது மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லாப் படிக்கிறாள்" என்றார். கீரைக்கட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "முந்தி பள்ளிக்கூடத்தால வந்தால் வாய் ஓயாது. இண்டைக்கு இது நடந்தது, அது நடந்தது எண்டு கதைச்சுக்கொண்டே இருப்பாள். இப்ப நான் கேட்டால் மட்டும்தான் சொல்லுவாள்."

வளர்கிற வயது, எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையாகக்கூட இருக்கலாம். அவருடைய இன்னொரு பையை வாங்கிக்கொண்டு, பேருந்து நிற்கும் இடம் வரை கூடவே நடந்தேன்.